சென்டிமீட்டரில் புண், சதுர அங்குலத்தில் கட்டு

அமெரிக்க நோயாளிகளின் புண்ணுக்குச் சென்னையில் இரவெல்லாம் கண்விழித்துப் பில் போடுகிறவன் நான். ஏழு ஆண்டுகளாகக் காயக்கட்டு கிளைம்கள்தான், அதாவது கட்டுகளுக்கான காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு அனுப்பும் கோரிக்கைகள்தான், என் வேலை. இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் ஒட்டுவிளிம்பு உள்ள சிறிய ஃபோம் (நுரைப்பஞ்சு) கட்டைக் குறிக்கும் ஏ6212 என்ற கோடை, அதாவது பில் குறியீட்டை, திரையில் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

சென்ற மாதம் திரும்பி வந்த ஒரு கிளைமைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவரின் வலது பாதத்தில் புண். சர்க்கரை நோயால் வந்த பாதப் புண் என்று சொல்லும் நோய்க் குறியீடு இ11.621 முதலில், புண்ணின் இடத்தையும் ஆழத்தையும் சொல்லும் எல்97.512 அடுத்து என்று வரிசை பிசகாமல் போட்டிருந்தேன். ஒட்டுவிளிம்பு உள்ள ஃபோம் கட்டு, வாரத்துக்கு மூன்று மாற்றம், மாதத்துக்கு 12. வந்த பதில் சிஓ-50 என்ற மறுப்புக் குறியீடு, அதாவது மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை. காரணத்தைத் தோண்டினால், செவிலியரின் மாதாந்திரக் குறிப்பில் நீளமும் அகலமும் இருக்கின்றன, ஆழம் விடுபட்டிருக்கிறது. கொழுப்புத் திசு வெளியே தெரிகிறது என்று எல்97.512 தன் வாயாலேயே சொல்லும்போது, தோலின் மேற்பரப்பில் உள்ள கீறலுக்கா நாங்கள் ஃபோம் கேட்டோம்?

அளவுகளின் கூத்து தனிக்கதை. செவிலியர் புண்ணைச் சென்டிமீட்டரில் அளக்கிறார். அதே புண்ணின் அழுகிய திசுவை அகற்றினால், 97597 என்ற கோடு முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிடுகிறது. கட்டுக்கு வந்தால் மட்டும் எல்லாம் சதுர அங்குலம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டு 15.5 சதுர அங்குலம், ஆகவே 16-க்குள் அடங்கி ஏ6212 ஆகிறது. ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் 18.6 ஆகி, அடுத்த பெரிய அளவுக்கான ஏ6213-க்குத் தாவிவிடுகிறது. போதாக்குறைக்கு, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 6-க்கு 6 அங்குலம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒட்டுவிளிம்பு கணக்கில் சேராது, நடுவிலுள்ள திண்டு மட்டுமே சேரும், அது 4-க்கு 4 என்பதைப் பொடி எழுத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் 36 என்று கணக்குப் போட்டு ஏ6213 அனுப்பிவிட்டு, தணிக்கையில் மாட்டிக்கொண்டு விழிப்பதை மாதந்தோறும் பார்க்கிறேன்.

கோடுக்குப் பின்னால் ஒட்டும் ஏ1 முதல் ஏ9 வரையான மாடிஃபையர்கள் என்ற துணைக் குறிகள் நோயாளிக்கு மொத்தம் எத்தனை புண் என்பதைச் சொல்வதில்லை, அந்தக் குறிப்பிட்ட கட்டு எத்தனை புண்ணில் போடப்படுகிறது என்பதையே சொல்கின்றன. இதையும் கோடைப் போலவே 'ஏ' என்று தொடங்கி வைத்த புண்ணியவானை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, அழுகிய திசுவை அகற்றுவதைக் குறிக்கும் 'டிப்ரைட்மென்ட்' என்ற ஒற்றைச் சொல். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி, புண் அறுவையால் உண்டானதாகவோ அறுவைச் சிகிச்சை பெற்றதாகவோ அழுகிய திசு அகற்றப்பட்டதாகவோ இருந்தால்தான் இந்தக் கட்டுகளுக்குப் பணம். கத்தியால் சுரண்டினால்தான் அகற்றல் என்றில்லை. மருந்தால் கரைப்பதும், மூடிய கட்டின் ஈரத்தில் உடல் தானாகவே அழுகலைக் கழிப்பதும் அந்த விதியிலேயே ஏற்கப்பட்டவை. ஆக, நாங்கள் பணம் கேட்கிற கட்டு அந்த வேலையைப் புண்ணின் மேல் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாலும், குறிப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டால் கிளைம் செத்துப்போகிறது.

இவ்வளவு கறாராக இருப்பவர்களின் கண்ணெதிரில்தான், தோலுக்கு மாற்றாக ஒட்டும் பொருள்களுக்கு 2024-இல் மட்டும் மெடிகேர் பணம் 1,000 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அவற்றில் சில, சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டி விலை வைத்தவை. 2026-இல்தான் அவற்றுக்கு ஒரே சீரான விலையைக் கொண்டுவந்தார்கள். கடுகு போன இடத்தை ஆராய்கிறவர்கள், பூசணிக்காய் போன இடத்தை ஆராய இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செவிலியரை நான் நோகமாட்டேன்; புண்ணைக் கழுவுகிறவருக்கு என் படிவத்தின் கட்டங்கள் நினைவிருக்க வேண்டிய அவசியமில்லை. மேல்முறையீட்டுக்கு 120 நாள் கெடு இருப்பதால், திருத்தக் குறிப்பு கேட்டு மூன்று முறை ஃபேக்ஸ் அனுப்பினேன். நேற்று இரவு இரண்டரை மணிக்கு அடுத்த மாதக் குறிப்பு வந்து சேர்ந்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருந்தன. நீர்க்கசிவு எவ்வளவு என்ற கட்டம் காலியாக இருந்தது.