என் பையனுக்கு வளர்ப்பு சரியில்லையாம்

போன வாரம் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் என் ஒன்பது வயது மகன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. "பிள்ளையை இப்படியா வளர்ப்பாங்க?" பின்வரிசையில் ஒரு குரல். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

அதற்குப் பத்து நிமிடம் முன்பு என்ன நடந்தது தெரியுமா? சத்தம் குறைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தான். என் கணவரின் பெரியப்பா வந்தார். "கல்யாண வீட்டுல என்னடா பாட்டு கேக்குற?" என்று செல்லமாகக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பெரிய மாமா, அது பாட்டு கேக்க இல்ல, குடுத்துடுங்க" என்று கெஞ்சினேன். "நீதாம்மா பழக்கிக் கெடுக்குற" என்றார். அப்புறம் அவன் அலறியதும், "நாலு போட்டா சரியாயிடும்" என்று சொன்னதும் அவரேதான்.

என் மகனுக்கு ஆட்டிசம். மூளை வளர்ச்சியிலேயே இருக்கும் வேறுபாடு அது, வளர்ப்பால் வருவதில்லை. தவில் சத்தம் நமக்கு மங்கலமாகக் கேட்கலாம். அவனுக்கு அது உடம்பு வலி. குக்கர் விசில், மிக்ஸி, பஸ் ஹாரன் எல்லாமே அப்படித்தான். அடம் பிடிக்கிற பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். இது நிற்காது. உள்ளே கொட்டிய சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் வடியும் வரை அவனாலேயே நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் அடித்தால் வலியின் மேல் இன்னொரு வலி, அவ்வளவுதான்.

தாயைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1950, 60களில் அமெரிக்காவில் பெரிய நிபுணர்களே, அம்மாவிடம் பாசம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று சொன்னார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964ல் அதை மறுத்து எழுதினார். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். அதெல்லாம் முடிந்து அறுபது வருடம் ஓடிவிட்டது. நான் இன்னும் பந்தி வரிசையில் நின்று அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் சலுகை அட்டையைக் காட்டினால், "பார்த்தா நல்லாத்தானே இருக்கான்?" என்கிறார் கண்டக்டர். கை கால் நன்றாக இருந்தால் குறை இல்லை என்று யார் முடிவு செய்தது? 1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016ல் வந்த சட்டம் 21 வகையாக விரித்தபோது சேர்த்தார்கள். சட்டமே கற்றுக்கொண்டுவிட்டது. சொந்தக்காரர்கள் மட்டும் இன்னும் கண்ணேறு கழிக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு அதைவிட எரிவது அரசுத் தமிழில் இவனுக்கு இருக்கும் பெயர். புற உலகச் சிந்தனையற்றோர்! அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் வயிறு பற்றிக்கொண்டு வருகிறது. நான் சமையலறையில் சத்தமில்லாமல் அழுதால்கூட வந்து தன் போர்வையை என் மேல் போர்த்துகிறவன் என் பிள்ளை. பயந்தால் அழத் தெரியாமல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ரயில் நிலைய அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். கவனி, எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். கல்யாணத்திலும் அலறுவதற்கு முன்னால் அதைத்தான் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டேமியன் மில்டன் என்று ஓர் ஆய்வாளர். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். இவர்களுக்கு அடுத்தவர் மனது புரியாது என்கிறீர்களே, இவர்கள் மனது உங்களுக்குப் புரிகிறதா, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று 2012ல் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் ஏன் வருடக்கணக்கில் தெரபிக்குப் போய் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும், கைகுலுக்கவும், வணக்கம் சொல்லவும் பழக வேண்டும்? நீங்கள் ஒரு ஹெட்போனைக் கழற்றாமல் இருக்கப் பழகக்கூடாதா?

அன்றைக்கு மண்டபத்தில் ஒருவர் பழகிக் காட்டினார். சமையல்கட்டில் வேலை செய்கிற அண்ணன். ஆட்டிசம் என்ற சொல்லை அவர் கேட்டிருப்பாரா, தெரியாது. நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடியபோது, "தம்பிக்குச் சத்தம் ஒத்துக்கலையாக்கா?" என்றார். ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டு, கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். என் மகன் அரை மணி நேரம் வாழை இலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூச்சு சீரானதும் என் மடியில் சாய்ந்தான்.

ஆவணியில் இன்னொரு கல்யாணம் வருகிறது. "அவனை யார்கிட்டயாவது விட்டுட்டு வாயேன்மா" என்று இப்போதே போன் வந்துவிட்டது. விட்டுவிட்டு வரமாட்டேன். அவனும் அந்த வீட்டுப் பிள்ளை. முதல் வரிசையில்தான் உட்காருவான், ஹெட்போனோடு. பெரிய மாமா, அதில் கை வைக்காதீர்கள்.