இணைப்புத் தண்டு காப்பாற்றாத இடம்
ஆஸ்ப்ரே என்பது ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் அமெரிக்க ராணுவ விமானம்; அதன் இரு இறக்கை நுனிகளிலும் ஒரு ரோட்டர் (பெரிய சுழல்விசிறி) உண்டு. "ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது இரண்டு ரோட்டர்களையும் சுழற்றும், அதனால் ஆஸ்ப்ரே கடலில் விழும் அபாயம் குறைவு" என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. இரு பக்கங்களையும் இணைத்து இறக்கைக்குள் ஓடும் இணைப்புத் தண்டு எஞ்சின் செயலிழப்புக்குத்தான் கைகொடுக்கும். ரோட்டரைச் சுழற்றும் கியர்பாக்ஸே (பற்சக்கரப் பெட்டி) உடைந்தால் எந்த எஞ்சினின் விசையும் அந்த ரோட்டருக்குப் போய்ச் சேராது. 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஓர் ஆஸ்ப்ரே கடலில் விழுந்து 8 பேர் இறந்தது இப்படித்தான்: இடப்பக்க கியர்பாக்ஸில் ஒரு பினியன் (சிறிய) பற்சக்கரம் விரிசல் விட்டு உடைந்து, அதன் துண்டு மற்றப் பற்களையும் அரைத்துவிட்டது. கியர்பாக்ஸ் எண்ணெயில் சேரும் உலோகத் துகளைக் காந்த உணரி பிடித்து மின்சாரத்தால் எரிக்கும்; மெல்லிய துகள் எரிந்துபோகும், தடித்தது எரியாது. அன்று 5 முறை எரித்தது, ஆறாவது முறை முடியவில்லை. துகள் திரும்பத் திரும்ப வந்தாலே பற்சக்கரம் தேய்கிறது என்று பொருள், அப்போதே அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கியிருக்க வேண்டும். "மீனவர் படகுகள் விரைந்தும் ஏன் யாரையும் உயிருடன் மீட்க முடியவில்லை?" என்று இந்த விபத்தைப் பற்றி ஒரு வாசகர் கேட்கிறார். ஒரு பக்க உந்துவிசை போனதும் விமானம் புரண்டு தலைகீழாகிவிட்டது. அதில் தப்ப வழியே இல்லை. 2017 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் விழுந்த இன்னொரு ஆஸ்ப்ரேயில் இருந்த 26 பேரில் 23 பேர் பிழைத்தார்கள். அது தரையிறங்கும்போது கப்பலின் தளத்தில் இடித்துத் தாழ்வான உயரத்திலிருந்து விழுந்தது, மீட்புப் படகுகளும் பக்கத்திலேயே இருந்தன.