5-ஆம் தேதி வாடகை, 7-ஆம் தேதி சம்பளம், நாளுக்கு நூறு அபராதம்

சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வாடகையைக் கட்டிவிட வேண்டும் என்று எந்த மேதாவி முடிவு செய்தான்? சென்னையில் எங்களைப் போன்ற வாடகைக் குடித்தனக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், கெடு 5-ஆம் தேதி என்பார்கள். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமோ, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் போதும் என்றது. ஆயிரத்துக்கு மேல் என்றால் 10-ஆம் தேதி. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் 7-ஆம் தேதி வரை அவகாசம் தருகிறது. ஆக, முதலாளி சட்டத்தை மீறாமலேயே இருந்தாலும் தொழிலாளி வீட்டு உரிமையாளர் முன்னால் கெடு தவறியவனாக நிற்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த 7-ஆம் தேதியும் நிச்சயமில்லை. பில் பாஸ் ஆகவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்பார்கள். எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் பிழைக்கிறோம்.

இதற்குத்தான் அபராதமாம்! 6-ஆம் தேதியிலிருந்து நாளொன்றுக்கு நூறு ரூபாய். வாடகை 7,000. எட்டு நாள் தள்ளிப்போனால் 800. ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 500 சதவீதத்துக்கு மேல். தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுத்த கந்துவட்டிச் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. ஆனால் அது கடனுக்கு மட்டும். அதே கொள்ளையை முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தமாக அடித்துவிட்டால் கௌரவமான வருமானம்!

எதிர்வீட்டு அக்கா ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். போன மாதம் 13-ஆம் தேதிதான் சம்பளம் வந்தது. அன்று மாலையே 7,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தார். உரிமையாளர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் 800-ஐ அபராதக் கணக்கில் வரவு வைத்தார், மீதி 6,200-ஐ வாடகையில் வைத்தார். வாடகையில் 800 பாக்கி நிற்கிறதாம். அதற்கும் நாளுக்கு நூறு ஓடிக்கொண்டிருக்கிறதாம். முழு வாடகையையும் கொடுத்த பெண் இன்னும் கடன்காரி! ரசீது கேட்டாரா என்று கேட்காதீர்கள். ரசீது கேட்கிறவர்களுக்கு மோட்டார் திடீரென்று பழுதாகிவிடும். குடியிருப்பவரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மோட்டாருக்கு அது தெரியாது போலிருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறுவது அட்வான்ஸை நினைக்கும்போதுதான். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. 21,000 போதும். என்னிடம் 50,000 வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. காலி செய்யும்போது வெள்ளை அடிக்கவென்று அதிலும் ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள். என் ஐம்பதாயிரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, என் ஏழாயிரம் எட்டு நாள் தாமதமானதற்கு நஷ்டம் என்கிறார்களே, எந்த ஊர் நியாயம் இது?

வாடகையை நம்பியே காலம் தள்ளும் வயதானவர்களும் இருக்கிறார்கள், மருந்து வாங்கக்கூட அந்தப் பணம்தான் என்பதும் தெரியும். சரி, தாமதத்துக்கு வட்டி வாங்கட்டும். ஆண்டுக்கு 12 சதவீதமே போடட்டும். 7,000 ரூபாய்க்கு எட்டு நாளைக்கு அது 18 ரூபாய் சில்லறை. இருபதாகவே தருகிறேன். மீதி 780 எதற்கு?

ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகையை நீதிமன்றம் அப்படியே கொடுத்துவிடாது, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. நல்லது. 800 ரூபாய்க்காக எந்த வக்கீலை வைப்பது? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். இது தெரிந்துதான் நூறு ரூபாய் என்று எழுதுகிறார்கள். முப்பதாயிரம் வாடகை கொடுப்பவரிடம் இந்த நிபந்தனையை நீட்டிப் பார்க்கட்டும். வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். எங்களுக்கு வேறு வீடு என்றால் மறுபடியும் ஐம்பதாயிரம் புரட்ட வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் 2019 முதல், கெடு தாண்டி ஐந்து நாள் வரை அபராதமே கேட்கக் கூடாது. அதன் பிறகும் 50 டாலர் அல்லது வாடகையில் 5 சதவீதம், இதில் எது குறைவோ அவ்வளவுதான். 7,000-க்கு 5 சதவீதம் 350. அதுகூட எங்களுக்கு அதிகம். வாடகைக் கெடுவைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் தள்ளி, குறைந்த வாடகை வீடுகளில் நாள் கணக்கு அபராதத்தை அடியோடு தடை செய்து, கொடுக்கும் பணம் முதலில் வாடகைக்குத்தான் வரவாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதட்டும். முடியாது என்றால், 5-ஆம் தேதி தாண்டியதும் சம்பளத்துக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று எங்கள் முதலாளிகளுக்கும் ஓர் ஆணை போடட்டும். எத்தனை முதலாளிச் சங்கங்கள் மறுநாளே கோட்டைக்கு ஓடுகின்றன என்று பார்க்கலாம்.