சோதனையில் இல்லை என்று வந்தால் சொன்னவர் குற்றவாளியா?

அந்த டாக்டர் விஷயம் எல்லோருக்கும் தெரியும், முழுக் கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் இருந்தது, டிப்தீரியாவாக (தொண்டை அடைப்பான் நோய்) இருக்குமோ என்று சந்தேகப்பட்டார், அன்றைக்கே சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். முடிவு வந்தது, டிப்தீரியா இல்லை. அதைக் கேட்டு நிம்மதி அடைவதை விட்டுவிட்டு, மன்னிப்புக் கேள், பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுத்துவிட்டாய், லைசென்ஸைப் பிடுங்கு என்று என் டைம்லைன் முழுக்க ஒரே கூச்சல். நான் மதிக்கிறவர்கள்கூட அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

சந்தேகத்தைச் சொல்வதுதான் அவர் வேலை. உண்டா இல்லையா என்று ஆய்வகம் சொல்லும்.

"முடிவு வந்த பிறகு சொல்லியிருக்கலாமே" என்று கேட்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்து, அது நஞ்சை உண்டாக்கும் வகையா என்று உறுதி செய்ய நாட்கள் ஆகும். டிப்தீரியாவில் உயிரை எடுப்பதில் பெரும் பங்கு அந்த நஞ்சுக்குத்தான். அது இதயத் தசையில் போய்ப் பற்றிவிட்டால் அப்புறம் எதிர்நஞ்சு மருந்தைக் கொடுத்தாலும் பற்றியது பற்றியதுதான். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் நடைமுறை. மருந்துக்கே காத்திருக்கக் கூடாது என்னும்போது தகவலுக்கு மட்டும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்க வேண்டும், யார் யாருக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் யாராவது ஒருவர் முதலில் சொன்னால்தானே நடக்கும்?

போலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை கால் துவண்டுபோனால், காரணம் என்னவாகத் தோன்றினாலும் தகவல் கொடுத்தாக வேண்டும். அதில் பெரும்பாலானவை போலியோவாக இருக்காது. தெரிந்தேதான் கேட்கிறார்கள். லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாவது இப்படிப் போலியோ அல்லாத வாதம் பதிவாகவில்லை என்றால் அந்த இடத்தில் கண்காணிப்பு சரியில்லை என்று உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 'இல்லை' என்ற முடிவு இத்தனையாவது வர வேண்டும் என்று இலக்கு வைத்து நடக்கிற வேலை இது. பெரியம்மையிலும் அப்படித்தான். 1977 அக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளியைப் பார்த்த பிறகும் தேடலை நிறுத்தவில்லை. பெரியம்மை என்று உறுதியாகும் தகவலைச் சொன்னால் 1000 டாலர் பரிசு என்று 1978இல் அறிவித்தார்கள். வந்த தகவல்களைத் தேடிப் போனால் சின்னம்மை, தட்டம்மை, ஏதாவது தோல் நோய். அத்தனை 'இல்லை'களும் கையில் இருந்ததால்தான் 1980இல் ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது.

நான் இந்த நோய்க் கண்காணிப்பு வேலையில் இருந்தவள். வாரா வாரம் மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு அறிக்கை வாங்குவேன். ஒருவரும் இல்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும், காலியாக விடக் கூடாது. ஒரு நாள் ஒரு நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், ஒரு பிள்ளை, நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்ததாம், இன்னைக்குக் காலைத் தூக்க மாட்டேங்குது. எழுத வேண்டாம்னு சொல்றாங்க, ஆனா மனசு கேக்கல." அன்றைக்கே போனேன். போலியோவா என்று பார்க்க மல மாதிரி இரண்டு எடுக்க வேண்டும், ஒரு நாளாவது இடைவெளி விட்டு. ஐஸ் பேக் வைத்த பெட்டியில் டப்பாவை நிமிர்த்தி வைத்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி அனுப்பினோம். போலியோ இல்லை, கில்லன் பாரே என்கிற வேறொரு நரம்பு நோய். பிள்ளை பிறகு நடந்தது. ஆனால் அந்த நர்ஸ் ஏதோ தப்பு செய்தவர் மாதிரி வேறு வார்டுக்கு மாற்றப்பட்டார். அதன் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து வந்ததெல்லாம் பூஜ்யம். வாரா வாரம் பூஜ்யம். அந்த பூஜ்யத்தை ஒரு முறைகூட நான் நம்பியதில்லை.

"குழந்தையின் போட்டோ வெளியே வந்ததே, அதற்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி, எனக்கும் கோபம்தான். தொடர்பில் இருந்தவர்களைத் தேட வேண்டும் என்பதற்காகத்தான் படிவத்தில் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள், அது துறையைத் தாண்டி வெளியே போகவே கூடாது. போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டவர்களைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன். டாக்டர் அனுப்பியது படிவம்.

பீதியைக் கிளப்பினார் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து ஒரு அரசு அதிகாரி காய்ச்சலோடு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வந்து இறங்கினார். முதலில் மலேரியா என்றுதான் நினைத்தார்கள். டாக்டர் ஸ்டெல்லா அடாடேவோ எபோலாவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அரசுக்குச் சொன்னார். நோயாளியை உடனே அனுப்பு என்று லைபீரிய அதிகாரிகள் கொடுத்த அழுத்தத்துக்கும் மசியவில்லை. சோதனையில் எபோலா என்று வந்தது. கிட்டத்தட்ட 900 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள், நோய் 20 பேரோடு நின்றது, அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று அறிவித்தார்கள். அதைப் பார்க்க அடாடேவோ இல்லை. ஆகஸ்டிலேயே அதே நோயில் இறந்துவிட்டார். கினியாவில் 2013 டிசம்பரிலேயே எபோலா தொடங்கிவிட்டது, ஆனால் அது என்ன நோய் என்று அடுத்த மார்ச் வரை யாருக்கும் தெரியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 11,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். லாகோஸில் அந்தச் சோதனை 'இல்லை' என்று வந்திருந்தால் அடாடேவோவை என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு நாட்டின் அதிகாரியைப் பிடித்து வைத்த திமிர் பிடித்தவர் என்றுதானே? அவர் முடிவெடுத்த நேரத்தில் அவர் கையில் இருந்ததும் வெறும் சந்தேகம்தான். உங்கள் டாக்டர் கையில் இருந்ததும் அதுதான்.

உங்கள் பிள்ளையின் பள்ளியாக இருந்தால் இப்படிப் பேசுவீர்களா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். பேசுவேன். என் பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் இந்த டாக்டரிடம்தான் கூட்டிப்போவேன். அவர் படிவம் எழுத வேண்டியிருந்தால் முகவரியை நானே சொல்லுவேன். டாக்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள் தயவுசெய்து இனி எனக்கு லிங்க் அனுப்பாதீர்கள்.