1099-ஆர் படிவத்தை விட்டுவிடலாமா? பரவும் தகவல் தவறு

"வேலை மாறியபோது 401(கே) பணத்தை ஐஆர்ஏவுக்கு ரோல்ஓவர் செய்தவர்கள் 1099-ஆர் படிவத்தை டாக்ஸ் சாஃப்ட்வேரில் போடவே வேண்டாம், போட்டால் வரி ஏறிவிடும்" என்று அமெரிக்கத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. 401(கே) என்பது வேலை செய்யும் நிறுவனம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு; ஐஆர்ஏ என்பது நாமே தொடங்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. பணத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் ரோல்ஓவர். அப்படி வெளியே போன தொகையைக் காட்டும் படிவம்தான் 1099-ஆர்.

பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக டிரெடிஷனல் (வழக்கமான) ஐஆர்ஏவுக்குப் போகும் நேரடி ரோல்ஓவருக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் வரி இல்லை என்பதற்காக வரிக் கணக்கில் காட்டாமல் விட முடியாது. அந்தப் படிவத்தின் நகல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போகிறது. உங்கள் கணக்கில் அது இல்லையென்றால், முழுத் தொகைக்கும் வரி கேட்டு சிபி2000 நோட்டீஸ் வரலாம்.

படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1ஆம் கட்டத்தில் 48,000 டாலர், 2ஏ-வில் 0, 7இல் 'ஜி' (நேரடி ரோல்ஓவருக்கான குறியீடு) என்று இருந்தால் அப்படியே உள்ளிடுங்கள். வருமான வரிக் கணக்குக்கான 1040 படிவத்தில் 5ஏ வரிசையில் 48,000, 5பி-யில் 0 வர வேண்டும். தொகையை அடித்தவுடன் திரையில் ரீஃபண்ட் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள். 'ஜி'யைப் போட்டு, அடுத்து வரும் கேள்விகளுக்கும் பதில் சொன்னால் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

காசோலை உங்கள் பெயருக்கே வந்திருந்தால் கதை வேறு: வரிக்காக 20% பிடித்திருப்பார்கள், பணத்தை ஐஆர்ஏவில் போட 60 நாள் கெடுவும் உண்டு.

ஐஆர்எஸ் தளத்தில் 1040 வழிமுறைகளிலும் 'டாபிக் 413' பக்கத்திலும் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அதை நம்பி ஏற்கெனவே தாக்கல் செய்தவர்கள் 1040-எக்ஸ் மூலம் திருத்திக்கொள்ளலாம்.