கறுப்பு பெல்ட் அழுக்கேறி வந்ததல்ல

'அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்கள். வியர்வையும் மண்ணும் ஏறி, பழுப்பாகி, கடைசியில் கறுப்பானது' என்ற கதை பல நாட்டுக் கராத்தே வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அது உண்மையில்லை. 1882-இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, 1880களிலேயே தேர்ந்த மாணவர்களுக்கெனத் தனியாகக் கறுப்பு பெல்ட்டைக் கொண்டுவந்தார். கராத்தே அதை ஜூடோவிடமிருந்து 1924-இல் எடுத்துக்கொண்டது.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட வண்ணங்கள் பெருகியது ஐரோப்பாவில். குன்ஜி கொய்சுமி 1918-இல் லண்டனில் நிறுவிய புடோக்வாய் ஜூடோ பள்ளியில் 1920களிலேயே வண்ண பெல்ட்டுகள் இருந்தன. 1930களில் பாரிஸ் வந்த ஜூடோ ஆசிரியர் மிகினோசுகே கவாய்ஷி அவற்றைப் பரப்பினார்.

பழைய கறுப்பு பெல்ட்டின் முடிச்சுப் பக்கத்தைப் பாருங்கள்: மேல்துணி தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைதான் தெரியும். இந்தக் கதையை நம்பிப் பிள்ளைகளின் பெல்ட்டை அழுக்கோடு விடாதீர்கள். தோல் தொற்று பரவும். தாராளமாகத் துவைக்கலாம்.