வாலெட்டாவில் ஒரு பகல்: பேருந்தில் ஏறாதீர்கள்

சொகுசுக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றி வருகிறவர்களுக்கு ஒரு துறைமுகத்தில் கிடைப்பது பெரும்பாலும் எட்டு, ஒன்பது மணி நேரம். அந்தச் சொற்ப நேரத்தில் ஓர் ஊரை என்ன பார்த்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக அது நியாயமான கேள்விதான். ஆனால் மால்டாவின் தலைநகரமான வாலெட்டாவைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கமாட்டேன். அங்கே நம் நேரத்தைத் தின்பது, கரையில் கால் வைத்ததும் நாம் ஏறிக்கொள்ளும் சுற்றுலாப் பேருந்து.

கடல்வழி வரும் பகைவனை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட ஊர் வாலெட்டா. 1565இல் ஒட்டோமான் படை தீவை முற்றுகையிட்டபோது, துறைமுக வாயிலின் முனையிலிருந்த செயின்ட் எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து, பிறகு வீழ்ந்தது. முற்றுகை தோற்று அந்தப் படை திரும்பிய பின், அப்போது தீவை ஆண்ட கிறிஸ்தவத் துறவி வீரர்களான புனித யோவான் சபையினரின் தலைவர் ழான் த வாலெட் 1566 மார்ச் 28 அன்று அந்த முனையின் பாறைமேட்டில் புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கப்பலின் மேல்தளத்தில் நின்று புரிந்துகொள்வது எளிது. விடியற்காலையில் எழுந்து மேலே போய்விட வேண்டும், அவ்வளவுதான். வலப்பக்கம் எல்மோ, இடப்பக்கம் ரிக்காசோலி கோட்டை, சற்று உள்ளே செயின்ட் ஏஞ்சலோ என்று தேன்நிறச் சுண்ணக்கல் மதில்கள் இருபுறமும் நெருங்கி வருகின்றன. இரண்டாம் உலகப் போரில், 1942 ஆகஸ்ட் 15 அன்று, குண்டுவீச்சில் சிதைந்து மூழ்கும் நிலையிலிருந்த ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பலைப் போர்க்கப்பல்கள் இருபக்கமும் அணைத்துப் பிடித்து, பட்டினியின் விளிம்பில் இருந்த தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்த வாயில் வழியாகத்தான். எங்கள் கப்பல் அதைக் கடந்தபோது, உடன் வந்தவர்களில் பலர் காலையுணவு வரிசையில் நின்றிருந்தார்கள்.

அதன்பின் நடப்பதுதான் எனக்கு விளங்குவதில்லை. கப்பல் நிற்கும் இடமே, பின்ட்டோ என்ற சபைத் தலைவர் 1752இல் கட்டிய பண்டகசாலைகளின் வாசல். கரையோரமாகக் கால்மணி நேரம் நடந்தால், 58 மீட்டர் உயரமுள்ள பரக்கா மின்தூக்கி நம்மை நகரத்துக்குள் ஏற்றிவிடும். இவ்வளவு அருகில் ஊர் இருந்தும், கூட்டம் கூட்டமாகப் பேருந்தில் ஏறித் தீவின் நடுப்பகுதிக்குப் போகிறார்கள். முந்தைய பயணமொன்றில், வேறொரு துறைமுகத்தில், நானும் அப்படிப் போனவன்தான். அன்று நான் நன்றாகப் பார்த்தது முன் இருக்கைக்காரரின் தொப்பியை.

வாலெட்டாவில் இறங்கியதும் முதல் வேலையாகப் புனித யோவான் பேராலயத்துக்குப் போனேன். காலை பத்தரைக்கு மேல் அங்கே வரிசை நீண்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப்பார்க்க அனுமதி இல்லை. வெளிமுகப்பு ஒரு பாசறையைப் போல எளிமையாக இருக்கும்; உள்ளே நுழைந்தால் தரை முழுவதும் ஏறக்குறைய 400 வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய, திருமுழுக்கு யோவானின் தலையைக் கொய்யும் ஓவியம் இங்கேதான் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே ஓவியம் இது. கொல்லப்பட்டவரின் கழுத்திலிருந்து வழியும் குருதியிலேயே பெயரை எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு முடிவதற்குள், சிறையிலிருந்து தப்பியோடிய அவரை, ஓவியம் இருக்கும் அதே கூடத்தில் கூடி, சபை தன் உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. ஓவியத்தின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேருந்தில் போயிருந்தால் ஐந்து நிமிடமாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

நண்பகலில் பரக்கா தோட்டத்தின் கீழிருந்து பீரங்கி முழங்குவதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி, ‘டைசா’ என்று அவர்கள் சொல்லும் சிறு படகில் சில யூரோ கொடுத்து எதிர்க்கரையில் உள்ள பிர்குவுக்குப் போனேன். வாலெட்டா பிறப்பதற்கு முன் வீரர்கள் குடியிருந்த ஊர் அது. தெருக்கள் குறுகலானவை, மூடிய மரப் பலகணிகள் நிறைந்தவை, மதியத்தில் ஏறக்குறைய ஆளரவமற்றவை. அங்கே பட்டாணி வைத்துச் சுட்ட பஸ்தீத்ஸி என்ற மாவுப்பண்டம் இரண்டும் ஒரு காப்பியும் என் மதிய உணவு. கப்பலில் சாப்பாடு இலவசம்தானே என்று மதியமே திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஒரு பகல் முழுவதும் ஊரின் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற நாம், அந்த ஊர்க் கடையில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டாமா?

மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். தனியே போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்பதால் ஐந்து மணிக்கே திரும்பிவிட்டேன். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவின் கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு வந்தது. அதற்காகக் கப்பல் காத்திருந்தது. பேருந்தின் பக்கம் அந்த ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.